றவுட்டரில் மரப் பற்சில்லு வெட்டுதல்: பல்லுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மரப் பற்சில்லு வைத்த மணிக்கூடு செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் மண்டையை உடைப்பது பல்லின் வடிவத்தோடுதான். சைக்ளோயிட்டா, இன்வலூட்டா, எந்த வளைவு சரி என்று நாள்கணக்காகக் கதைப்பார்கள். ஆனால் மணிக்கூட்டை நிற்பாட்டுவது பெரும்பாலும் அது இல்லை. நடுத்துளை அரை மில்லிமீற்றர் விலகியிருக்கும். அல்லது பிரிப்பு, அதாவது வட்டத்தைப் பல்லுக்குப் பல் சமமாகப் பங்கிடுவது, பிழைத்திருக்கும். அல்லது ஆடி மாதத்தில் வட்டமாக இருந்த சில்லு கார்த்திகை மழையில் முட்டை வடிவம் எடுத்திருக்கும். பல் கொஞ்சம் அலங்கோலமாக இருந்தாலும் மணிக்கூடு ஓடும். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தால் எவ்வளவு அழகான பல்லும் உதவாது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரே மணிக்கூட்டுக்கு உரியவை. ஒரு பக்கம் ஆட ஒரு செக்கன் எடுக்கும் நீள ஊசல், 30 பல் உள்ள எஸ்கேப் சில்லு (ஊசலின் ஆட்டத்தோடு பல் பல்லாக விடுபட்டு ஓடும் கடைசிச் சில்லு). அது நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும், அதனால் செக்கன் முள்ளை நேரே அதிலேயே மாட்டலாம். மணிக்கு ஒரு சுற்று வரும் நடுச்சில்லுக்கு 64 பல், இடைச்சில்லுக்கு 60 பல், இரண்டு பினியனுக்கும் (பெரிய சில்லோடு கடிக்கும் சின்னப் பற்சில்லு) 8 பல். 64ஐ 8ஆல் பிரித்தால் 8. 60ஐ 8ஆல் பிரித்தால் 7.5, இரண்டையும் பெருக்கினால் 60. மணிமுள்ளுக்கு 10 பல் 30ஐ ஓட்டும், 8 பல் 32ஐ ஓட்டும்: மூன்று தரம் நாலு பன்னிரண்டு. 10உம் 30உம் கூட்டினாலும் 40, 8உம் 32உம் கூட்டினாலும் 40. அதனால் இரண்டு சோடியும் ஒரே இரண்டு அச்சில் பொருந்தும்.

மொடியூல் 2.5. அதாவது பல் எண்ணிக்கையை 2.5ஆல் பெருக்கினால் பிட்ச் வட்டத்தின், அதாவது இரண்டு சில்லும் தொட்டு உருள்வதாகக் கணக்கிடும் வட்டத்தின், விட்டம் கிடைக்கும். 64 பல்லுக்கு 160 மி.மீ, 60க்கு 150, பினியனுக்கு 20. ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 7.85 மி.மீ. இதைவிடச் சின்னதாகப் போனால் றவுட்டரின் 4 மி.மீ பிற் (சுழன்று மரத்தை வெட்டும் அலகு) நுழையாது, பல்லும் மெலிந்துவிடும். பெரிதாகப் போனால் சில்லு கனத்து, கூடும் பெருத்துவிடும். முதல் மணிக்கூட்டுக்கு 2.5 நல்ல அளவு.

மரம்

முழுப் பலகையில் சில்லு வெட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஈரப்பதன் 65 சதவீதம் இருக்கும் அறையில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். 85 சதவீதத்துக்கு ஏறினால் அது 17ஐத் தாண்டும். சோளகக் காலத்துக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் இடையில் அறைக்குள் இந்த அளவு ஏற்ற இறக்கம் ஒன்றும் புதினமில்லை. மரம் நார்ப் போக்கில் அசையாது என்றே சொல்லலாம். ஆனால் நாருக்குக் குறுக்கே, தண்ணீர் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் சுமார் 0.25 சதவீதம் விரியும். 160 மி.மீ சில்லில் இது ஒன்றரை மி.மீ தொடக்கம் இரண்டு மி.மீ வரை வரும், அதுவும் ஒரு திசைக்கு மட்டும். இரண்டு சில்லு கடிக்கும் ஆழமே ஐந்து மி.மீக்குக் குறைவு. விட்டத்தில் இரண்டு மாறினால் இந்த ஆழத்தில் ஒன்று மாறும். அதில் ஒன்று போனால் மிச்சம் என்ன?

முழுப் பலகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நார் ஒரே திசையில் ஓடுவதால், சில்லின் இரண்டு பக்கத்தில் பல் நாரோடு நீளமாக நிற்கும், மற்ற இரண்டு பக்கத்தில் நார் பல்லைக் குறுக்கே வெட்டிப் போகும். அந்தப் பற்கள் விரலால் தட்டினாலே கழரும். ஆங்கிலேயத் தச்சரும் மணிக்கூடு செய்பவருமான ஜோன் ஹரிசன் 1713இல் செய்த மணிக்கூட்டின் ஓக் சில்லுகளில் இதற்கு வழி செய்திருந்தார். பற்களைச் சிறு சிறு துண்டுகளாகத் தனியே செய்து, ஒவ்வொரு துண்டிலும் நார் மையத்தை நோக்கி நிற்கும்படி விளிம்பில் பதித்தார். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பிளைவுட் போதும். நாரைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் அது முழு மரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே அசையும்.

பிளைவுட்டிலும் கவனம் வேண்டும். ஹாட்வெயார் கடையில் 6 மி.மீ என்று தருவது பெரும்பாலும் 5.2 தொடக்கம் 5.8 வரை இருக்கும். வேணியர் இடுக்கிமானியைக் கையோடு கொண்டுபோங்கள். விளிம்பைப் பாருங்கள். மெல்லிய இரண்டு தோலுக்கு நடுவில் தடித்த ஒற்றைப் பட்டை உள்ள மூன்றடுக்குத் தகடு வேண்டாம், பல்லில் முக்கால்வாசி அந்த நடுப்பட்டையாகவே போய்விடும். ஐந்து அடுக்கு இருந்தால் வாங்குங்கள். விளிம்பில் ஓரிடத்தில் ஓட்டை தெரிந்தால் உள்ளே இன்னும் நாலு ஓட்டை இருக்கும், அதில் ஒன்று கட்டாயம் ஒரு பல்லின் அடியில் வந்து நிற்கும். பசை எப்படி என்று பார்க்க விரலளவு துண்டை ஒரு மணித்தியாலம் கொதிநீரில் போடுங்கள். பிரிந்தால் அது அலுமாரியின் பின்பக்கத்துக்குத்தான் சரி.

உள்ளூர் மரங்கள் வேறு இடங்களில் உதவும். தேக்கு கூட்டுக்கும் சட்டத்துக்கும் நல்லது. முதிரை நெருக்கமான, கனத்த மரம், பினியன் தட்டுக்கும் பலெற்றுக்கும் (ஊசலோடு ஆடி எஸ்கேப் சில்லின் பல்லைப் பிடித்து விடும் துண்டு) அருமையாக நிற்கும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும், முகமூடியும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் அறுக்க வேண்டாம். வேம்பில் நார் பின்னிப் போகும், றவுட்டர் பிற் அதைச் சீவாமல் கிழிக்கும். பனையில் பல் வெட்ட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. கறுத்த நார் இரும்பு மாதிரி, அதற்கு இடையில் உள்ளது மெத்தென்ற சோத்தி. பல்லாக வெட்டினால் நார் நாராகப் பிரிந்து வரும். பனையை முகப்புச் சட்டத்தோடு விடுங்கள், அங்கே அதன் வரி வடிவாக இருக்கும்.

வாங்கிய தகட்டை உடனே வெட்டாமல், மணிக்கூடு தொங்கப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று கிழமை நிறுத்தி வையுங்கள், இரண்டு முகத்துக்கும் காற்றுப் படும்படி. ஒரு வெட்டுத்துண்டை சமையல் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தால், எடை மாறாமல் நிற்கும் நாள்தான் வெட்டும் நாள்.

பிரிப்புத் தட்டு

கைறவுட்டரில் வெட்டுவதென்றால் வேலையின் பாதி பிரிப்புத் தட்டில் இருக்கிறது. தட்டு சில்லைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 300 மி.மீ தட்டில் 0.3 மி.மீ பிழை விட்டால் 160 மி.மீ சில்லில் அது 0.16 ஆகச் சுருங்கும். தட்டு சில்லைவிடச் சின்னதாக இருந்தால் அதே பிழை பெருகும்.

பாகைமானியால் குறிக்க வேண்டாம். 64ஆகப் பிரித்தால் ஒரு பிரிவு 5.625 பாகை, பள்ளிக்கூடப் பாகைமானியில் அதை யாரும் குறிக்க முடியாது. கணினியில் வரைந்து அச்சிட்டு ஒட்டுவது இலகு, ஆனால் அச்சுப்பொறி கடதாசி ஓடும் திசையில் ஒரு அளவும் குறுக்கே இன்னொரு அளவும் தருவது சாதாரணம். படத்தோடு குறுக்கும் நெடுக்குமாக 200 மி.மீ கோடு இரண்டு போட்டு அச்சிட்டு அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை மி.மீ இருந்தால் உங்கள் வட்டம் வட்டமில்லை.

நம்பகமான வழி கடதாசிப் பட்டி. 64 பிரிவுக்கு, ஒவ்வொன்றும் 15 மி.மீ என்று 960 மி.மீ நீளப் பட்டி. 60க்கு 900 மி.மீ. உருக்கு அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து எல்லாக் குறியையும் பூச்சியத்திலிருந்தே எண்ணிக் குறிக்க வேண்டும். கவராயத்தை 15 மி.மீக்கு விரித்து அடி அடியாக வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு அடியின் சின்னப் பிழையும் சேர்ந்து கடைசிப் பல் அரைப் பல்லாகப் போய்விடும். பிறகு 305.6 மி.மீ விட்டத்தில் ஒரு தட்டு (60க்கு 286.5), அதன் விளிம்பில் பட்டியைச் சுற்றுங்கள். முனை இரண்டும் முட்டாமல் இடைவெளி விட்டால் தட்டு பெரிது, அரத்தாளால் தேயுங்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் தட்டு சின்னது, ஒட்டுநாடா ஒரு சுற்று விடுங்கள். முனைகள் சரியாக முட்டினால் விட்டம் சரி. கணக்குப் போட்டு விட்டத்தைப் பிடிப்பதைவிட இது நிச்சயம். குறிகளை முகத்துக்கு மாற்றி 3 மி.மீ துளை போட்டு, அதில் இறுக்கமாக இறங்கும் ஒரு கம்பியைப் பூட்டாக வைக்கலாம்.

இந்த இரண்டு தட்டும் முழு மணிக்கூட்டுக்கும் போதும். 64ல் ஒன்று விட்டு ஒன்று எண்ணினால் 32, எட்டாவது துளையாக எண்ணினால் 8. 60ல் ஒன்று விட்டு ஒன்று 30, ஆறாவது துளையாக 10. எண்ணும்போதுதான் பிழை வரும், எனவே பாவிக்கும் துளைகளுக்கு மட்டும் வர்ணப் புள்ளி வைத்துவிடுங்கள்.

வெட்டு

ஒழுங்கு முக்கியம்: முதலில் நடுத்துளை, பிறகு அந்தத் துளையைச் சுற்றியே வெளிவட்டம், பிறகு அதே துளையில் பல், கடைசியாக ஆரக்கால். எல்லாம் ஒரே 8 மி.மீ உருக்குக் கம்பியில் நிற்க வேண்டும். துளையைக் கைத்துறப்பணத்தால் போட்டால் கட்டாயம் சரியும். நிலைத்துறப்பணம் இருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை. துளை அரை மி.மீ விலகினால், சில்லு ஒரு சுற்று வரும்போது கடிக்கும் ஆழம் ஒரு மி.மீ ஏறி இறங்கும். ஒரு பக்கம் பல் அடியில் முட்டி இறுகும், எதிர்ப்பக்கம் நுனியில் தொட்டு வழுக்கும். மணிக்கூடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

மேடைக்கு 18 மி.மீ பலகை ஒன்று, அதில் செங்குத்தாக அந்தக் கம்பி, அதன்மேல் பிரிப்புத் தட்டு, அதன்மேல் 3 மி.மீ பழந்தகடு ஒன்று, அதன்மேல் சில்லு. ஆரக்காலுக்காகப் பிறகு வெட்டி எறியப்போகும் இடத்தில் இரண்டு திருகாணி போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிவிடலாம். றவுட்டர் மையத்தை நோக்கி மட்டும் போய்வர இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டம். யன்னல் செய்கிறவர்களிடம் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும், நல்ல நேராக இருக்கும். றவுட்டரின் அடித்தட்டு வட்டமாக இருந்தாலும் பிற் அதன் சரியான நடுவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அடித்தட்டில் ஒரு குறி போட்டு, அந்தக் குறி எப்போதும் ஒரே பக்கச் சட்டத்தைப் பார்க்கும்படி தள்ளுங்கள்.

பிற் மையத்தை நோக்கித்தான் போகிறதா என்று முதலில் ஒரு பழந்தகட்டில் பாருங்கள். விளிம்பில் ஒரு வெட்டு வெட்டி, தகட்டைக் கம்பியிலிருந்து கழற்றி மறுபக்கம் புரட்டிப் போட்டு, பிற்றை அதே வெட்டுக்குள் இறக்குங்கள். அப்படியே இறங்கினால் சரி. ஒரு பக்கம் உரசினால் பாதை மையத்தைத் தவறிப் போகிறது, உரசும் அளவில் பாதிதான் உண்மையான பிழை. சட்டத்தை அந்தப் பாதியளவு நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் வெட்டிய சில்லில் பல் எல்லாம் வாள்பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வெளிவிட்டம் பிட்ச் வட்டத்தைவிட 5 மி.மீ கூட: 64க்கு 165, 60க்கு 155. வெட்டின் ஆழம் விளிம்பிலிருந்து 5 மி.மீ. 4 மி.மீ பிற் என்றால் அதன் மையம் 64 பல் சில்லில் நடுவிலிருந்து 79.5 மி.மீ வந்ததும் நிற்க வேண்டும், 60க்கு 74.5. அந்த இடத்தில் ஒரு தடைக்கட்டை வையுங்கள். துப்புரவான அடி வேண்டுமென்றால், பிரிப்புத் தட்டோடு நிலைத்துறப்பணத்தில் வைத்து அந்த ஆரையில் முதலில் 4 மி.மீ துளைகள் போட்டுவிட்டு, விளிம்பிலிருந்து துளை வரை மட்டும் றவுட்டரைத் தள்ளலாம். பிற் உடைவது இதில் நன்றாகக் குறையும்.

ஒரு தரத்தில் 2 மி.மீ ஆழம், மூன்று தரத்தில் 6 மி.மீ தகடு முடியும். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் 4 மி.மீ பிற் வளையும், வெட்டு மேலே ஒரு அகலம் கீழே ஒரு அகலமாக வரும், அல்லது பிற்றே பறக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் நிற்க வேண்டாம். மிக மெதுவாகத் தள்ளினாலும் பிழை: சின்ன றவுட்டர்கள் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று வரை ஓடும், ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். கறுத்த விளிம்பு கண்டால் கை மெத்தனம், அல்லது பிற் மழுங்கல். கார்பைட் முனை பிற்றே வாங்குங்கள், பிளைவுட் பசை சாதாரண உருக்கை நாலு சில்லுக்குள் மொட்டையாக்கிவிடும். இன்னொரு சிக்கல்: பிற்றின் காம்பைப் பிடிக்கும் கொலெற்றில் கால் அங்குலமும் 6 மி.மீயும் பார்வைக்கு ஒன்றுதான். கால் அங்குலம் 6.35. 6 மி.மீ காம்பை அதில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பிற் தள்ளாடும், சில நேரம் வெட்டும்போதே கீழே இறங்கிவிடும்.

பல் நுனி உடையாமலிருக்க மேலேயும் ஒரு 3 மி.மீ தகடு வைத்து நெரித்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாத பிளைவுட் என்றால் விளிம்பில் நீர்த்த சுப்பர் குளூ ஊறவிட்டு, காய்ந்தபின் வெட்டலாம்.

இப்போது கிடைப்பது பக்கம் நேரான, தலை சதுரமான பல். பிட்ச் வட்டத்துக்கு மேலுள்ள பகுதியை 3.5 தொடக்கம் 4 மி.மீ ஆரையில் இரண்டு பக்கமும் உருட்ட வேண்டும், முழுவதும் கூராக்காமல் நுனியில் சின்னத் தட்டை விட்டு. கன்னாதிட்டியில் நகைவேலை செய்கிறவர்கள் பாவிக்கிற ஊசி அரம் இதற்கு நல்ல ஆயுதம். அலுமினியத் தகட்டில் ஒரு பல்லின் அச்சை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. 64 பல், 128 மூலை. பாட்டுப் போட்டுக்கொண்டு இருந்து செய்ய வேண்டிய வேலை, ஆனால் கைபழகிய பிறகு இயந்திரத்தில் வந்த பல்லைவிடக் கெட்டுப்போவதில்லை.

சி.என்.சியில் கொடுப்பதென்றால்

கதவுக்குப் பூ வெட்டும் சி.என்.சி (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) இப்போது குடாநாட்டில் பல தச்சுப் பட்டறைகளில் உண்டு. அவர்களிடம் கொடுப்பது சோம்பல் இல்லை, பிரிப்புப் பிழை ஒரேயடியாக இல்லாமல் போகும். ஆனால் கதவுப் பூவுக்குப் பழகிய கை பல்லுக்கு வேண்டிய நுணுக்கத்தைத் தானாகப் பார்க்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடுத்துளையும் பல்லும் ஒரே பிடிப்பில், தகட்டைக் கழற்றாமல் வெட்டப்பட வேண்டும். முதலில் துளை, பிறகு ஆரக்கால், கடைசியில் பல். தகட்டைப் பிடித்துவைக்க விடும் பாலத்துண்டுகளைப் பல்லின் பக்கத்தில் விடக் கூடாது, ஆரக்காலின் உட்பக்கம் விடலாம், வெளியே பல்நுனியில் மட்டும் இரண்டு மூன்று. 3.175 மி.மீ பிற் என்றால் நிமிடத்துக்கு 1000 தொடக்கம் 1200 மி.மீ வேகம், 18,000 சுற்று, தரத்துக்கு ஒன்றரை இரண்டு மி.மீ ஆழம். கடைசி 0.2 மி.மீயைத் தனிச் சுற்றாக வெட்டினால் விளிம்பு துப்புரவாக வரும்.

தீட்டிய பிற் தன் பெயரளவைவிடச் சின்னதாகியிருக்கும். ஆகவே முதலில் 20 மி.மீ சதுரத் துண்டு ஒன்றும் 20 மி.மீ சதுரத் துளை ஒன்றும் வெட்டித் தரச் சொல்லுங்கள். துண்டு 20.2, துளை 19.8 என்று வந்தால் மென்பொருளில் பிற் விட்டத்தை 0.2 குறைத்துப் போட்டால் இரண்டும் சரியாகும். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர விடாதீர்கள். இயந்திரம் பூச்சியத்துக்குப் போய் வந்தாலும் அரை மி.மீ தள்ளி நிற்கலாம். அந்தச் சில்லை எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுவதே மலிவு.

பினியனும் அச்சும்

8 பல் பினியனை மரத்தில் வெட்டினால் பல் தீக்குச்சி மாதிரி மெலியும். விளக்குக்கூட்டுப் பினியன்தான் வழி: 28 மி.மீ தட்டு இரண்டு, நடுவில் எட்டுக் கம்பி. கம்பிகள் 20 மி.மீ விட்ட வட்டத்தில், துளைக்குத் துளை நேர்கோட்டில் 7.65 மி.மீ. இரண்டு தட்டையும் ஒன்றாக நெரித்துத் துளையிட்டால்தான் கம்பி நேராக நிற்கும். கம்பி 3 மி.மீ கறள்பிடியா உருக்கு. வெல்டிங் கடையில் கிடைக்கும் 3.2 மி.மீ ஸ்டெயின்லெஸ் நிரப்புக் கம்பியும் சரிவரும். சாதாரண இரும்புக் கம்பி போட்டால் கடற்கரைப் பக்க வீடுகளில் ஒரு மாரிக்குள் கறள் பிடித்து அரமாக மாறிப் பல்லைத் தின்னும்.

சில்லு பினியனை ஓட்டும் இடத்தில்தான் இந்த விளக்குக்கூடு நன்றாக வேலைசெய்யும். மணிமுள் பக்கத்தில் 10உம் 8உம்தான் ஓட்டுகின்றன, அங்கே கம்பிப் பினியன் இறுகும். அந்த நாலையும் சாதாரணப் பல்லாகவே வெட்டுங்கள், சுமை இல்லாத இடம், மரப்பல் தாங்கும்.

அச்சுக்கு 3 மி.மீ உருக்குக் கம்பி, அது சுற்ற பித்தளைக் குழாய்ப் புஷ். போல் பெயாறிங் போடலாம், ஆனால் கடைப் பெயாறிங்கில் உள்ள கிறீஸ் இந்த மெல்லிய ஓட்டத்துக்குப் பிசின். பெற்றோலில் கழுவிக் கிறீஸை எடுத்தால் சுழலும், பிறகு உப்புக்காற்றில் கறள் பிடிக்கும். எங்களுடைய ஊருக்குப் பித்தளை புஷ்தான். எண்ணெய் விட வேண்டாம், தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். பென்சில் கரி போதும்.

அச்சுக்கு அச்சு தூரம் 64க்கும் 8க்கும் 90 மி.மீ, 60க்கும் 8க்கும் 85. பிளைவுட்டாக இருந்தாலும் மழைக்குக் கொஞ்சம் வீங்கும், ஆகவே 90.3, 85.3 என்று துளையிடுங்கள். மணிக்கூடு ஒரே பக்கம் ஓடுவதால் இந்தத் தளர்வு கெடுதல் செய்யாது. சட்டம் முழுமரமாக இருந்தால் அச்சுகளை நார்ப் போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்குங்கள், அந்தத் திசையில் மரம் அசையாததால் தூரமும் மாறாது. முன்தட்டு பின்தட்டு இரண்டையும் ஒன்றாக நெரித்தே துளையிட வேண்டும்.

எஸ்கேப் சில்லு 120 மி.மீ விட்டம், 3 தொடக்கம் 4 மி.மீ தடிப்பு, முடிந்தவரை மெல்லிய ஆரக்கால். ஒவ்வொரு செக்கனும் இது ஓடி நிற்க வேண்டும், கனம் கூடினால் அந்த ஓட்டமும் நிற்பும் சக்தியைத் தின்னும். பல்நுனி ஒரு மி.மீக்கு மேல் வேண்டாம், நுனிக்குச் சுப்பர் குளூ ஊறவிடுங்கள். பலெற் ஏழரைப் பல்லை அணைத்தால், அதாவது 90 பாகை, அதன் அச்சு சில்லின் அச்சிலிருந்து ஆரையின் 1.414 மடங்கில் வரும்: 60 மி.மீ ஆரைக்கு 84.85.

பொலிஷ் மெல்லிய அரக்குப் பூச்சு இரண்டு. சில்லின் இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு பூசுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் மற்ற முகம் ஈரம் குடித்துச் சில்லு அப்பளமாகும். மழை நாளில் பூசினால் வெள்ளை பூக்கும். பல்லின் பக்கத்துக்குப் பொலிஷ் வேண்டாம், கரி மட்டும் தேயுங்கள்.

சுமை, நின்றால் தேடும் இடம்

நடுச்சில்லின் அச்சிலேயே 24 மி.மீ உருளை வைத்தால் மணிக்கு 75 மி.மீ கயிறு இறங்கும், நாளுக்கு 1.8 மீற்றர். ஒரு கப்பி போட்டால் 0.9 மீற்றராகக் குறையும், சுமை இரட்டிக்கும். குருநகர்ப் பக்கம் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டு நல்ல சுமை. 63 மி.மீ பிளாஸ்ரிக் குழாயில் ஆறு கிலோ ஈயம் ஏறக்குறைய ஓரடி உயரத்தில் அடங்கிவிடும். மணலில் அதே எடைக்குக் குழாய் ஆளுயரத்தை நெருங்கும். கப்பியோடு ஆறு கிலோவுக்கு மேல் கேட்டால் சுமையைக் கூட்டாமல் பிழையைத் தேடுங்கள். சுமையைக் கூட்டி ஓடவைத்த மணிக்கூடு புஷ்ஷை முட்டையாகத் தேய்த்துவிட்டுத் திரும்ப நிற்கும்.

தேடுவதற்கு நின்ற நேரமே போதும். நிமிடமுள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் நடுச்சில்லைப் பாருங்கள். ஏழரை நிமிட மடங்கில் நின்றால் இடைச்சில்லின் அச்சு, ஏனென்றால் அது மணிக்கு எட்டுச் சுற்று. செக்கன் முள் ஒரே இடத்தில் நின்றால் எஸ்கேப் சில்லு அல்லது அதன் பினியன். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நின்றால் மணிமுள் சில்லு, அல்லது இரண்டு முள்ளும் ஒன்றையொன்று உரசுகின்றன. ஒழுங்கே இல்லாமல் நின்றால் ஊசலுக்குக் காற்று அடிக்கிறது, அல்லது சட்டம் சுவரில் ஆடுகிறது. சோளகம் வீசும் யன்னலுக்கு எதிரே மாட்டிய மணிக்கூட்டில் சில்லைத் தேடிப் பயனில்லை. மாரியில் மட்டும் நின்றால் அச்சுத் தூரம் போதாது. எந்தச் சோடியையும் பலெற் இல்லாமல் தனியே பூட்டி வாயால் ஊதிப் பாருங்கள். சுற்றிவந்து மெல்ல நிற்க வேண்டும், டக்கென்று நின்றால் அந்த இடத்துப் பல்லில் பென்சிலால் குறி போடுங்கள்.

ஊசல்

வெளிநாட்டு வரைபடங்களில் செக்கன் ஊசலின் நீளம் 994 மி.மீ என்றிருக்கும். அது இலண்டனுக்குச் சரி. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட ஈர்ப்பு குறைவு, யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டுக்கு 991 மி.மீதான் வரும். 994ஐ அப்படியே இங்கே தொங்கவிட்டால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1672இல் தென்னமெரிக்காவின் கயேன் நகரில் இதையே கண்டார்: பாரிசில் சரியாக ஓடிய அவருடைய மணிக்கூடு அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது.

991 என்பது குண்டின் நடுவுக்கு உள்ள தூரம் இல்லை. தண்டுக்கும் எடை இருப்பதால் குண்டின் நடு இதற்குக் கொஞ்சம் கீழே வரும், ஆகவே தண்டை 1,080 மி.மீ அளவில் வெட்டி அடியில் திருகுமரை வையுங்கள். தண்டு நேர்நார் மரமாக இருந்தால் சூட்டுக்கு உருக்கைவிடக் குறைவாகவே நீளும், இரண்டு தரம் அரக்குப் பூசினால் ஈரத்துக்கும் அவ்வளவாக அசையாது. எம்6 திருகுமரையின் ஒரு சுற்று ஒரு மி.மீ. அது நாளுக்கு ஏறக்குறைய 44 செக்கன். பிந்தினால் நட்டை ஏற்றுங்கள், முந்தினால் இறக்குங்கள். நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்றுக்கு வர்ணம் வைத்துவிட்டால் ஒரு பக்கத் திருப்பல் ஏழு செக்கன் என்று எண்ணலாம். திருப்பிய பிறகு முழுதாக ஒருநாள் விட்டுத்தான் கைபேசி நேரத்தோடு ஒத்துப்பாருங்கள், புதுக் கயிறும் புது மரமும் முதல் கிழமையில் தாமாகவே கொஞ்சம் இழுபடும்.